பரந்தாமன் தட்டிய இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

பரந்தாமன் முப்பத்தாறு ஆண்டுகள் கடிதங்களோடு வேலை பார்த்தார். அவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

அரக்கோணத்தில் ரயில் அஞ்சலில் அவர் சார்ட்டர். திருத்தணியிலிருந்து ரயிலேறிப் போவார். அங்கே பைகளைக் கொட்டுவார்கள். உறைமேல் இருக்கும் முகவரியைப் பார்த்து, எதிரே புறாக்கூண்டு மாதிரி நிற்கும் மர அடுக்கில், அந்தந்த ஊருக்கான அறையில் போட வேண்டும். வைத்தியர் கையெழுத்து, வக்கீல் குமாஸ்தா கையெழுத்து, ஓடும் பஸ்ஸில் எழுதியது, மழையில் கரைந்தது, தெலுங்கு எழுத்தில் எழுதிய தமிழ்நாட்டு ஊர்ப்பெயர், எதுவானாலும் அவருக்கு மூன்று நொடி. மற்றவர்கள் தங்களுக்குப் பிடிபடாததை அவர் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். அஞ்சலட்டைக்கு உறை கிடையாது. எழுதியது வெளியிலேயே தெரியும். அவர் முகவரியை மட்டும் பார்த்துவிட்டுக் கவிழ்த்துப் போடுவார். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது குற்றம் என்று பயிற்சியின் முதல் நாள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அவருக்கு நினைவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து ஊர்வாரியாகப் பிரித்து ரப்பர் போட்டு வைத்தார். அவர் மனைவி எல்லம்மாள் மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். காட்டினாள், அவ்வளவுதான்.

மகள் கனிமொழி ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர். அளவு எடுக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது அவள் வேலை. அவள்தான் தேடிப்பிடித்தாள். கிண்டியில் ஒரு நிறுவனம் வெளிநாட்டு நூலகங்களில் இருக்கும் பழைய ஆங்கிலக் கையெழுத்துக் காகிதங்களைப் படம் பிடித்து அனுப்புகிறது. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டித் தர வேண்டும். புரியாத சொல்லுக்கு ‘படிக்க இயலவில்லை’ என்று ஒரு குறி போடலாம். சோதனைக்கு மூன்று பக்கம் அனுப்பினார்கள். பரந்தாமன் ஒரு குறிகூடப் போடாமல் அரைமணி நேரத்தில் திருப்பி அனுப்பினார். மேற்பார்வையாளன் ஆகாஷ் என்ற இளைஞன் உடனே போன் செய்து, ஒரு பெட்டி முழுவதும் தருவதாகச் சொன்னான். இருநூற்று இருபத்தாறு பக்கம். எல்லாம் கடிதம்.

கடிதம் என்றதும் பரந்தாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எழுதனவங்க சம்மதம் குடுத்துகிறாங்களா?”

“ஐயா, அவங்க செத்து நூறு வருஷம் ஆவுதுங்க.”

“பெறுநர்?”

“அவங்களும்தாங்க.”

“வாரிசு?”

“லைப்ரரிக்குக் குடுத்ததே வாரிசுங்கதாங்க ஐயா.”

“எழுத்துல இருக்குதா?”

எழுத்தில் இருந்தது. அதை வரவழைத்து, அச்செடுத்து, கோப்பில் வைத்த பிறகுதான் முதல் படத்தைத் திறந்தார். திறந்தும் மனம் ஒப்பவில்லை. வாரிசு சம்மதித்தாலும் கடிதம் கடிதம்தானே. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்தின் கடைசி வரியை முதலில் தட்டுவது. பிறகு அதற்கு மேல் வரி. அதற்கு மேல். இப்படிக் கீழிருந்து மேலே போனால் சொல் மட்டும் கண்ணில் படும், சேதி மனதில் ஏறாது.

“லெட்டர தலகீழா படிக்கிற மனுசன இப்பதான் பாக்கறேன்” என்றாள் எல்லம்மாள்.

“படிக்கல. தட்டறேன்.”

கடிதங்கள் கொரியாவிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போனவை. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் கொரியாவில் சுங்க அலுவலகத்தை வெள்ளைக்காரர்களை வைத்து நடத்தியிருக்கிறார்கள். அப்படி செமுல்போ என்ற துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி, ஆக்னஸ் என்று பெயர், தன் தங்கைக்கு வாராவாரம் எழுதியது. பரந்தாமன் அந்தப் பெயரை வீட்டில் ஒருநாளும் உச்சரித்ததில்லை. ‘அனுப்புநர்’ என்பார். தங்கை ‘பெறுநர்’. கணவரைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் ‘அனுப்புநர் வீட்டுக்காரர்’.

சேதி ஏறாது என்று அவர் போட்ட கணக்கு பாதிதான் பலித்தது. ஏறியது, முடிவு முதலில் ஏறியது. சாப்பிடும்போது திடீரென்று சொல்வார்.

“அங்க ஒரு குதிர போயிடுச்சி.”

“எப்படி நைனா?”

“தெரியல. இன்னும் மேல போவல.”

மறுநாள்தான் குதிரை எப்படிச் செத்தது என்று தெரியும். அதற்கும் மறுநாள், அந்தக் குதிரையை வாங்கியதில் அந்த வீட்டில் எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று.

வீட்டை ஒட்டி நசருல்லாவின் இருசக்கர வாகனப் பட்டறை. இருவரும் ஒரே வயது. சாயங்காலம் நாலரைக்கு டீ வரும்; பரந்தாமன் ஒரு கவிழ்த்த ஆயில் டின்மேல் உட்கார்ந்து, ஆள் பெயர் சொல்லாமல், ஊர் நடப்பை மட்டும் சொல்வார். அங்கே தரைக்கு அடியில் புகை போகும் பாதை உண்டு, அடுப்பு எரித்தால் தரை சுடும், அதன்மேல்தான் படுக்கை. அனுப்புநர் முதல் வாரம் கட்டில் போட்டுத் தூங்கிக் குளிரில் விறைத்து, இரண்டாம் வாரம் தரைக்கு இறங்கி முதுகு வெந்து, மூன்றாம் வாரம் இரண்டுக்கும் நடுவே ஏதாவது கிடைக்குமா என்று தங்கையிடம் கேட்டு எழுதியிருந்தார். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, காகிதம். வெள்ளைக்காரி எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்க்க ஊர்ப் பெண்கள் விரலை நாக்கில் நனைத்துக் காகிதத்தில் ஓட்டை போட்டார்கள். அனுப்புநர் ஒரு சாப்பாட்டு வேளையில் பதினாறு கண் எண்ணினார்.

“எட்டு பேரா, இல்ல ஒத்தக் கண்ணுல பதினாறு பேரா?” என்றார் நசருல்லா.

“அது எழுதல.”

இன்னொரு நாள் குடுமி விவகாரம். அந்த ஊரில் கல்யாணமான ஆண்களுக்கெல்லாம் உச்சிக்குடுமி. ஒரு குளிர்காலத்தில் அரசாங்கம் எல்லாரும் குடுமியை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பட்டணத்து வாசலில் கத்தரிக்கோலோடு போலீஸ். வெட்டுப்பட்டவர்கள் குடுமியைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் அழுதார்கள். வெட்டிவிடுவார்கள் என்று பயந்து விறகுக்காரன் வரவில்லை, அரிசிக்காரன் வரவில்லை. சுடுதரை எல்லாம் ஆறிப்போனது.

நசருல்லா மலைப் பக்கம் கையைக் காட்டினார். “நம்மூர்ல டோக்கன் வாங்கிகினு வரிசைல நிக்கிறான் மொட்ட போட. அங்க போலீசு வுட்டு வெட்டினாலும் அழுவுறான். ஊருக்கு ஊரு தலயெழுத்தப் பாரு சார்ட்டரே.”

“அதான் எழுதியிருக்காங்க. தலய அவங்க அப்பன் ஆயி குடுத்ததாம். அதுல கத்தி படக்கூடாதாம்.”

சில பக்கங்களில் ஆக்னஸ் காகிதத்தை மிச்சம் பிடிக்க, எழுதி முடித்த பக்கத்தைக் குறுக்கே திருப்பி, எழுத்தின் மேலேயே எழுத்தை ஓட்டியிருந்தார். பாய் பின்னல் மாதிரி இருக்கும். அதற்காக நசருல்லா ஒரு பழைய வண்டியின் ஹேண்டில் கிளாம்பை வெல்டிங் வைத்து, கம்ப்யூட்டர் திரையைப் பக்கவாட்டில் சாய்க்கும்படி ஒரு தாங்கி செய்து கொடுத்தார். பரந்தாமன் திரையைச் சாய்ப்பார், ஒருமுறை பார்ப்பார், நிமிர்த்துவார், தட்டுவார்.

தொழிற்சாலையில் கனிமொழியின் மேலதிகாரி கொரியாக்காரர். அவரிடம் கேட்கச் சொல்லி பரந்தாமன் ஒரு கேள்வி கொடுத்தனுப்பினார்: தரையில்தான் படுக்கிறாரா? ஸ்ரீபெரும்புதூரில் அடுக்குமாடியில் கட்டிலில்தான் படுக்கிறேன், இந்த ஊரில் தரையைச் சூடாக்க யாரும் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். பரந்தாமன் அதைக் கேட்டுத் தலையாட்டினார். அதற்குமேல் அந்த மனிதரிடம் அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

ஆகாஷிடம்கூட ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார், இரண்டு முறை. நூலகத்தின் விதி ஒன்று உண்டு. ஒரு பெட்டியை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே ஆள் முடித்தால், அந்தப் படியின் கடைசியில் அவர் பெயரை, ஊரோடு, அச்சிடுவார்கள். கை மாறினால் பெயர் கிடையாது. நிறுவனத்தின் பெயர் போகும். “என் பேரு எங்க வரும்?” என்பது அவர் கேள்வி. கடைசிப் பக்கத்துக்குக் கீழே என்றான் ஆகாஷ். ஒரு வாரம் கழித்து, “ஊர் பேரும் வருமில்ல?” என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அதுவரை அவர் பெயர் அச்சு மாதிரி வந்தது கடிதக் கட்டுகளின் மேல் லேபிளில் மட்டும்தான். கட்டு போய்ச் சேர்ந்ததும் லேபிளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு வந்த கூட்டம் வடிந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, பரந்தாமன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். வயது அறுபத்திரண்டு. எல்லம்மாள் மோர் கொண்டுபோய் வைத்தாள். பத்து நிமிஷம் கழித்து டம்ளரை எடுக்கப் போனபோது மோர் அப்படியே இருந்தது. கனிமொழி தொழிற்சாலையிலிருந்து பாதியில் கிளம்பி, யாரோ ஒருவர் காரில் கனகம்மாசத்திரம் வரை வந்து, அங்கே நிறுத்தியிருந்த தன் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தாள். வண்டியை வழக்கம்போல நிழலில் நிறுத்தினாள். அதைப் பிறகு பல நாள் யோசித்தாள்.

ஆறாம் நாள் அப்பாவின் போனில் ஆகாஷிடமிருந்து செய்தி வந்தது. “ஐயா வணக்கம். 213 எப்ப வரும்ங்க?”

அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் முடிந்திருந்தது. 213ல் ஒரே ஒரு வரி இருந்தது. கடைசி வரி. “அதன் பிறகு அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை” என்று அந்த ஆங்கிலத்துக்குப் பொருள். மேலே வெற்றிடம்.

மீதி பதினாலு பக்கம். கனிமொழி கணக்குப் போட்டாள். ஆள் இறந்துவிட்டார் என்று சொன்னால் பெட்டி கை மாறும். கை மாறினால் பெயர் இல்லை. பதினாலு பக்கத்தை அவளே தட்டிவிட்டால் பெயர் உண்டு. ஆங்கிலம் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும், விடுப்பும் இருக்கிறது. அவள் அப்பாவின் போனை எடுத்தாள். அவர் செய்திகளைத் தந்தி மாதிரி எழுதிக் கீழே கையெழுத்தும் போடுவார். அவளும் அப்படியே எழுதினாள்.

“நாலு நாளில் வரும். பரந்தாமன்.”

அவள் மேலிருந்து கீழேதான் படித்தாள். அவளுக்குப் பயிற்சியின் முதல் நாள் வேறு என்னவோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

213ஆம் பக்கத்தில், ஆக்னஸ் வீட்டு வாயில்காவலனின் அப்பா இறந்துபோகிறார். காவலன் ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறான். உடம்பில் சாயம் போடாத சணல் துணி. தலையில் கவிழ்த்த கூடை மாதிரி ஒரு தொப்பி, தோள் வரை மூடுகிறது. போதாததற்கு, இரண்டு குச்சியில் கட்டிய துணி ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறான். அப்பனைச் சாக விட்ட பாவி, வானத்தைப் பார்க்கக் கூடாது. மூன்று வருஷம் இப்படி. அந்தத் தொப்பியைக் கண்டால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, பெயர் கேட்பதில்லை, அதைத் தூக்கிப் பார்ப்பதும் இல்லை. ஆக்னஸ் தெரியாமல் அவனிடம் விறகு எங்கே என்று கேட்டுவிட்டார். சமையல்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். விருந்துக்கு வந்திருந்த கிழட்டுப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அப்போது விளக்கினார்: முன்பு வெளிநாட்டுக்காரன் இந்த நாட்டில் அகப்பட்டால் தலை போகும், அந்தக் காலத்தில் பாதிரிகள் இந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் நாட்டைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள், நீல விழியும் நீண்ட மூக்கும் துக்கத்துக்குள்ளே பத்திரமாக இருந்தன. ஆக்னஸ் வாயில்காவலனிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். கேட்பதும் பேச்சுதான் என்று கணவர் தடுத்துவிட்டார்.

அதன் பிறகு அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் தட்டியது அப்பாவின் வரியைத் தொட்டது. நடுவே ஒரு இடைவெளி அதிகம் இருந்தது. நீக்கினாள். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து 214ஐத் திறந்தாள்.

பத்தாம் நாள் சடங்கைச் செய்தது பெரியப்பா மகன் டில்லிபாபு. மகன் இல்லாத வீடு. அவன்தான் மொட்டை போட்டுக்கொண்டான். சடங்கு முடிந்து பூ வாங்கப் பஸ் நிலையம் பக்கம் போனவன் எரிச்சலோடு திரும்பி வந்தான்.

“இன்னா ஊருடா இது. நாலு பேரு கேட்டாங்க. ‘இன்னா வேண்டுதல், நெறவேறிச்சா?’ன்னு. ஒர்த்தன் சந்தனம் வேற பூசிவுட வந்தான்.”

“நீ இன்னா சொன்ன?” என்றாள் கனிமொழி.

“ஆங், நெறவேறிச்சின்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற இன்னா சொல்றது.”

எல்லம்மாள் சிரித்தாள். பத்து நாளில் முதல் முறை. பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கனிமொழி தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். முடி இருந்தது. எண்ணெய் வைத்து வாரி இருந்தது.

பதினோராம் நாள் 213 முதல் 219 வரை அனுப்பினாள். 215லிருந்து பாய்ப்பின்னல் எழுத்து. திரையைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள். படுக்கை எழுத்தையும் செங்குத்து எழுத்தையும் பிரிக்கக் கம்ப்யூட்டரில் ஒரு வடிகட்டியே எழுதினாள். அது இரண்டையும் அழித்து, காகிதத்தின் கறையை மட்டும் துல்லியமாகக் காட்டியது. ஊகத்தில் நிரப்பினாள். குறி போடவில்லை. அப்பா போட்டதில்லை.

பதின்மூன்றாம் நாள் ஆகாஷின் செய்தி. “ஐயா, இந்த ஏழு பக்கத்துல நூத்தி ஏழு தப்புங்க. நூறு சொல்லுக்கு ஆறு. உங்களுக்கு எப்பவும் பூஜ்யம் புள்ளி ஒண்ணுதான் வரும். ஒடம்பு சரியில்லையா? கண்ணு ஒருவாட்டி காட்டிருங்க. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்க.”

“சரி. பரந்தாமன்” என்று எழுதினாள்.

இரண்டு நாள் ஓய்வு எடுத்தாள். அவர் எடுத்தார் என்றும் சொல்லலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போய், பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு பட்டறையிலிருந்து நசருல்லா கூப்பிட்டார். ஆயில் டின்மேல் யாரும் உட்காரவில்லை. அவள் நின்றுகொண்டே டீ குடித்தாள்.

“அந்தம்மா வூட்டு வாட்ச்மேன் கத இன்னா ஆச்சி கனி? ‘யாரும் எதுவும் கேக்கல’ன்னு ஒரு வரி வந்துச்சி, மேல போவணும்னு உங்க நைனா சொன்னான். அன்னிக்கிக் காலைல. பட்டறைக்கு வந்து சொல்லிட்டுப் போனான்.”

அவள் சொன்னாள். தொப்பியை, துணியை, பாதிரியை. நசருல்லா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மீதி யாரு தட்றாங்க?”

“நான்தான் மாமா. நைனா பேர்லயே.”

நசருல்லா ஸ்பேனரைக் கீழே வைத்தார். “அவனுக்குத் தெரிஞ்சா திட்டுவான்.”

“பேரு வரணும் இல்ல?”

“எங்க பொண்ணு பர்ஹீன் நிக்காஹ் அன்னிக்கி இன்னா பண்ணான் தெரியுமா? டூட்டி முடியல. கூட இருந்த ஆளு சொன்னானாம், நீ கெளம்பு சார்ட்டரே, மீதிய நான் பிரிச்சி உன் லேபிள் போட்டே கட்டிடறேன்னு. இவன் கேக்கல. ‘லேபிள்ல யாரு பேரோ, அந்தக் கட்டுக்கு அவன்தான் பதில் சொல்லணும், நான் பாக்காத கட்டுக்கு நான் எப்பிடிப் பதில் சொல்றது’ன்னு உக்காந்து முடிச்சிட்டு வந்தான். வரும்போது பிரியாணி காலி. வெறும் தால்ச்சா. எங்க வூட்டம்மா ரோஷன் இன்னிக்கும் சொல்லுவா, உங்க சிநேகிதருக்கு ஒரு கரண்டி சோறு எடுத்து வெக்க எனக்குத் தோணலயேன்னு.”

கனிமொழி டம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பதினெட்டாம் நாள் செய்தி கொஞ்சம் நீளமாக வந்தது. கடைசி ஏழு பக்கம் இப்படி இருப்பதால் மேலே சந்தேகப்படுகிறார்கள்; முன்னால் செய்த இருநூற்றுப் பன்னிரண்டையும் யாராவது தட்டிக் கொடுத்தார்களா, அதிலும் ஊகம் கலந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள்; ஐயா வருத்தப்பட வேண்டாம்.

அவள் அதை மூன்று முறை படித்தாள். ஒரு கருவி ஒரு நாள் தப்பாக அளந்தால், அதற்கு முன்பு அது அளந்த அத்தனையையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். அவள் தொழிற்சாலையில் அந்த விதியை எழுதி வைத்ததே அவள்தான். தப்பாக அளந்தது அந்தக் கருவி இல்லை என்று இங்கே சொல்லக்கூடியவளும் அவள் ஒருத்திதான்.

தன் போனிலிருந்து கூப்பிட்டாள்.

“ஆகாஷுங்களா? நான் கனிமொழி. பரந்தாமன் பொண்ணு.”

“வணக்கம் மேடம். ஐயா இருக்காருங்களா?”

“இல்ல.”

“வெளிய போயிருக்காரா?”

“செத்துட்டாருங்க. பதினெட்டு நாள் ஆச்சி.”



“மேடம்... அஞ்சு நாள் முன்னாடி கூட ‘சரி. பரந்தாமன்’னு மெசேஜ் வந்துச்சே.”

“அது நான்.”

“கண்ணு காட்டிருங்கன்னு நான்...”

“ஆங். படிச்சேன்.” அவள் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். “212 வரைக்கும் அவரு. 213ல கடைசி வரி அவரு. மீதியும் 219 வரைக்கும் நானு. அந்த நூத்தி ஏழு தப்பும் என்னுது. அவரு கணக்குல வெக்காதீங்க.”

ஆகாஷ் குரலைத் தாழ்த்தினான். “மேடம், ஒண்ணு சொல்லட்டா? நீங்க இத எங்கிட்ட சொல்லவே இல்லன்னு வெச்சிக்கலாம். அந்த ஏழு பக்கத்த நானே சரி பண்றேன். மீதி ஏழையும் நானே தட்டிடறேன். ஐயா ஒடம்பு சரியில்லாம இருந்தாரு, இப்ப தேறிட்டாருன்னு மேல சொல்லிடறேன். பேரு வந்துடும்.”

கனிமொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய நாற்காலி, அதுவரை அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டுதான் தட்டினாள். பெயர் வந்துவிடும். ஊரோடு. அம்மாவுக்கு அச்செடுத்துக் காட்டலாம்.

“வேணாங்க. அவரு பாக்காத பக்கத்துக்கு அவரு பேரு எப்படிப் போடறது.”

“அப்ப பெட்டிக்கே பேரு இருக்காது மேடம்.”

“தெரியும்.”

“இருநூத்திப் பன்னெண்டு பக்கம் மேடம்.”

“எனக்கும் எண்ணத் தெரியும்ங்க” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் அவனே கூப்பிட்டான். நடந்ததை நடந்தபடி நூலகத்துக்கு எழுதியிருக்கிறான். அங்கே இந்தக் கடிதங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பதில் போட்டிருக்கிறார். சந்தேகம் வந்த பிறகு அப்படியே ஏற்க முடியாது. ஆனால் ஒரே ஆள், முதல் பக்கத்திலிருந்து, பரந்தாமன் அனுப்பிய முதல் படியையும் மூலப் படத்தையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுச் சான்று கொடுத்தால், 1 முதல் 212 வரை அவர் பெயரில் போடலாம். அந்த ஒரே ஆளுக்குப் பெயரும் கிடையாது, அவசரமும் கிடையாது. மீதி பதினாலு பக்கம் வேறு யாருக்காவது போகும்.

“யாரு ஒப்பிடறதுன்னு கேட்டிருக்காங்க மேடம். உங்க வேலையே அதுதான்னு ஐயா ஒருவாட்டி சொல்லியிருக்காரு.”

“செய்யறேன்.”

“இன்னொண்ணு மேடம். நீங்க பாக்கப் போறது ஐயாவோட ஒரிஜினல். நான் திருத்தாதது. மொத்தம் அம்பத்தொரு தப்பு இருக்கும். அதுல நாப்பத்தி நாலு ஒரே தப்பு. லெட்டர் தலைப்புல ‘செமுல்போ’ன்னு ஊர் பேரு வந்தா, பக்கத்துல ‘நாகசாகி வழி’ன்னு சேத்துடுவாரு. மூலத்துல இருக்காது. அந்தக் காலத்துத் தபால் கப்பல் ஜப்பான் வழியாத்தான் போவும், எங்கியோ தேடிக் கண்டுபிடிச்சிருக்காரு. ஒருவாட்டி சொன்னேன், இல்லாதத எழுதக்கூடாதுங்க ஐயான்னு. ‘வழி போடலன்னா லெட்டர் எப்படிப் போய்ச் சேரும்’னு கேட்டாரு. அதுக்கப்புறம் நான் பாட்டுக்கு எடுத்துட்டே இருந்தேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லம்மாள் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கனிமொழி முதல் பக்கத்தைத் திறந்தாள். இடப்பக்கம் ஆக்னஸின் கையெழுத்து. வலப்பக்கம் அப்பா தட்டியது. கப்பல் செமுல்போவுக்கு வெளியே நிற்கிறது; கடல் உள்வாங்கி ஒரு மைல் தூரம் வெறும் சேறு; அறிமுகமில்லாத ஒரு மனிதன் குனிந்து முதுகைக் காட்டுகிறான்; ஏறிக்கொள்ளச் சொல்கிறார்கள். குடையை எந்தக் கையில் பிடிப்பது என்று ஆக்னஸுக்குத் தெரியவில்லை. ஏறிக்கொள்கிறார்.

எல்லாச் சொல்லும் சரியாக இருந்தது. தலைப்பில் மட்டும், ‘செமுல்போ’வுக்கு அடுத்து, ‘நாகசாகி வழி’.

சொல்லின்மேல் வைத்தால் இரண்டு பொத்தான் வரும். ‘சரி’, ‘பிழை’. அவள் பிழை என்பதை அழுத்தினாள். பிறகு தனியாக ஒரு தாளைத் திறந்து, ஒன்று என்று எண் போட்டு, அந்த இரண்டு சொல்லையும் தேதியோடு அதில் பதிந்துகொண்டாள்.

மாலைக்குள் ஆறு பக்கம் முடிந்தது. பிழை இரண்டு. ஆகாஷ் செய்தி அனுப்பியிருந்தான்: “மேடம், ஒப்பிடறதுதானே, ஒரு நாளைக்கு நாப்பது பக்கம் போவும்னு நெனச்சேன்.”

“போவும்” என்று எழுதினாள். “மெதுவாப் போறேன்.”